முதுசமும் அடைக்கலமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சட்டத்தொழிலைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, எதைப் பேசுவதென்று பல நாள் யோசித்தோம். சட்டம் என்றதும் பெரியோர்களுக்குக் காணி வழக்கு நினைவுக்கு வரும். வாலிபர்களுக்கு நித்திரை வரும். ஆகவே சட்டத்தை விட்டுவிட்டு, சட்டம் அறிந்தவர்கள் தாம் அறிந்ததை எங்கே வைத்துப் பேணுகிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கலாகாது என்பதைப் பற்றிப் பேசத் துணிந்தோம். மேல்நாட்டார் இதற்கு அறிவு முகாமைத்துவம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயர்தான் பெரிது, விஷயம் நம் ஊர் விஷயமே. நமது சங்கத்து வாலிபர்களிற் சிலர் சட்டம் படிக்கிறார்கள். சிலர் சட்டத்தரணிகளின் கந்தோர்களில் வேலை பார்க்கிறார்கள். ஏனையோர் எல்லோரும் கையில் கைப்பேசி வைத்திருக்கிறார்கள். ஆதலால் இது அனைவருக்கும் உரிய பேச்சுத்தான்.

நாம் தொழில் பழகிய காலத்தில் புளியந்தீவிலே ஒரு கந்தோரில் ஒரு கிளாக்கர் இருந்தார். புறக்டர்மாரும் அப்புக்காத்துமாரும் வெவ்வேறாக இருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தின்படி அந்த இரு வகுப்பாரும் ஒன்றாகிச் சட்டத்தரணிகள் ஆனார்கள். ஆயினும் அவர் தமது எசமானைக் கடைசி வரையில் புறக்டர் ஐயா என்றே அழைத்தார். அந்தக் கந்தோரிலே எந்த உறுதி எந்த அலுமாரியில் இருக்கிறது, எந்தக் காணிக்கு எந்த ஆண்டில் யார் யாரோடு வழக்காடினார்கள், எந்தக் குடும்பத்தில் எந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். புத்தகத்தைத் திறந்து அவர் பார்த்ததை நாம் கண்டதில்லை. புறக்டர் ஐயாவும் அவரை நம்பி எதையும் குறித்து வைத்ததில்லை.

ஒரு மாரி காலத்தில் மூன்று நாட் காய்ச்சலில் அவர் காலமானார். அடுத்த மாதம் படுவான்கரையிலிருந்து ஒரு வயோதிப அம்மா வந்தார். அவருடைய தகப்பனார் காலத்தில், காணியைப் பங்கு பிரித்த வழக்கொன்று இந்தக் கந்தோரில் நடந்தது. அதன் தீர்ப்பும் வரைபடமும் வேண்டும். அயலான் வேலியைத் தள்ளிப் போடுகிறான் என்றார். வழக்கிலக்கம் அவருக்குத் தெரியாது. எமக்கும் தெரியாது. தெரிந்த மனிதர் மண்ணுக்குள் போய்விட்டார். நான்கு மாதம் தேடினோம். கட்டுகள் அவிழ்ந்து தூசி பறந்ததுதான் மிச்சம். கடைசியில் நீதிமன்றப் பதிவேடுகளைப் புரட்டி இலக்கத்தைக் கண்டுபிடித்தபோது, அந்த அம்மா அயலானோடு சமாதானமாகிப் பாதி வளவை விட்டுக்கொடுத்து விட்டார். அவர் எம்மைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எமக்கு மனம் ஆறியிருக்கும்.

இது ஒரு கந்தோரின் கதை. நமது பகுதி முழுவதுக்குமே இப்படி ஒரு கதை உண்டு.

யாழ்ப்பாணத்தாருடைய வழமைகளைத் தேசவழமை என்கிறோம். ஒல்லாந்தர் ஆட்சியிலே தேசாதிபதி சைமன்ஸ் கட்டளையிட, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி அவற்றைத் திரட்டி 1707இல் எழுதி முடித்தார். அதனைத் தமிழிலே பெயர்த்து, பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுத்துச் சரிபார்த்தார்கள். ஆங்கிலேயர் வந்த பிறகு, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்கு முழு வலு அளித்தார்கள். இன்றும் நீதிமன்றங்களில் அது சட்டமாக நிற்கிறது.

மட்டக்களப்பிலும் ஒரு வழமை இருந்தது. முக்குவச் சட்டம் என்று அதற்குப் பெயர். தாய்வழியாக வந்த முதுசத்தை ஒருவனுடைய மக்களுக்கன்றி அவனுடைய சகோதரியின் மக்களுக்குக் கொடுக்கின்ற முறை அது. குடி என்பதும் தாயைக் கொண்டே நமது பகுதியில் எண்ணப்படுவதைப் பெரியோர்கள் அறிவார்கள். அந்த வழமை ஊர்ப் பெரியவர்களின் வாயிலே இருந்தது. வழக்கு வந்தால் முதியவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறி, இப்படித்தான் செய்து வந்தோம் என்பார்கள். முதலிமார் பன்னிருவரைக் கூட்டி ஏட்டில் ஏற்ற எவரும் முன்வரவில்லை. சி. பிரித்தோ என்னும் சட்ட அறிஞர் அதனை ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலாக வெளியிட்டது 1876இல். அதே 1876இல், 15ஆம் இலக்க விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. கண்டியச் சட்டத்தாருக்கும் தேசவழமையாருக்கும் முஸ்லிம்களுக்கும் அதில் விலக்கு உண்டு. நம்மவரோ பொதுச் சட்டத்துக்குள் அடங்கினார்கள்.

முன்னரே எழுதி வைத்திருந்தால் அந்த வழமை நிலைத்திருக்கும் என்று நாம் அறுதியிட்டுக் கூறமாட்டோம். அது நிலைத்திருக்க வேண்டுமா என்பதே வேறு விவாதம். மருமக்களும் மக்களும் அடிபட்டுக்கொண்ட கதைகளும் உண்டு. ஆனால் ஒன்று சொல்லலாம். எழுதப்பட்ட சட்டத்தை நீக்க வேண்டுமானால் யாராவது எழுந்து அதனை மறுத்துப் பேச வேண்டும். எழுதப்படாத வழமைக்கு அந்த மரியாதை கூடக் கிடையாது. (சட்டம் போனாலும் பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுத்து, மாப்பிள்ளையை அங்கே கொண்டுவந்து இருத்துகிற வழக்கம் போகவில்லை. நமது பெண்கள் கெட்டிக்காரிகள்.)

நொத்தாரிசுமாருடைய முறையைப் பாருங்கள். 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் மனித மறதியை நன்கு அறிந்த ஒருவர் எழுதியது போல் இருக்கிறது. ஓர் உறுதி எழுதினால் மூலம் ஆளிடம் போகும். ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும். இன்னொரு பிரதி மாதந்தோறும் காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும். நொத்தாரிசு காலமானால் அவரிடமிருந்த பிரதிகளும் பதிவாளரிடம் சேர வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கூரை பறந்த வீடுகள் எத்தனை, போர்க் காலத்தில் உடுத்த துணியோடு இடம்பெயர்ந்தவர்கள் எத்தனை பேர், 2004 டிசம்பர் 26இல் கல்லடியிலும் கரையோரம் முழுவதிலும் கடல் கொண்டுபோன பெட்டகங்கள் எத்தனை! மூலவுறுதி தண்ணீரோடு போனாலும் பதிவகத்திற் பிரதி இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பலர் மீண்டும் வளவுக்குள் கால் வைத்தார்கள். ஆனால் உறுதி ஏன் அப்படி எழுதப்பட்டது, எந்தப் பிணக்கைத் தீர்க்க அந்தப் பந்தி சேர்க்கப்பட்டது, எந்தப் பிழையைத் தவிர்த்தோம் என்பதற்கு மூன்று பிரதிகள் கிடையாது. ஒரு பிரதியும் கிடையாது. அது எழுதியவரின் தலைக்குள் இருக்கும், தலையோடு போகும்.

தலைக்குள் இருப்பதெல்லாவற்றையும் எழுதிவிடவும் முடியாது. மைக்கேல் பொலானி என்னும் அறிஞர், சொல்லில் அடங்காத அறிவைப் பற்றி 1966இல் ஒரு நூலே எழுதினார். அதை விளங்கிக்கொள்ள நமக்கு நூல் வேண்டாம். வாவிக்கரைக்குப் போனாற் போதும். வீச்சுவலைக்காரரிடம் எப்படி வீசுவது என்று கேளுங்கள். இப்படித்தான் என்று வீசிக் காட்டுவார். தோணியில் ஏறிக் கூடப் போகிறவனுக்கே அது வரும். சட்டத்தொழிலிலும் பாதி அப்படி. எந்தச் சாட்சியை எப்பொழுது கேள்வி கேட்காமல் விடுவது என்பதை எந்தக் குறிப்பேட்டிலும் எழுத முடியாது. அதற்குச் சிரேட்டரின் பக்கத்தில் உட்கார வேண்டும். மற்றப் பாதி எழுதக்கூடியது. அதையும் எழுதாமல் விடுவது சோம்பல்.

இலண்டனிலே உள்ள பெரிய சட்ட நிறுவனங்கள் வழக்குப் பேசாமல், மாதிரிப் பத்திரங்களையும் புதிய தீர்ப்புகளின் குறிப்புகளையும் பேணுவதற்கென்றே சட்டத்தரணிகளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கின்றன. நமது கந்தோர்களில் ஒரு சட்டத்தரணி, ஒரு கனிட்டர், ஒரு கிளாக்கர். வழக்குப் பேசாத மனிதருக்குச் சம்பளம் என்றால் நம்மவர் சிரிப்பார்கள். அந்த இடத்தைத்தான் இப்பொழுது கைப்பேசி பிடித்திருக்கிறது.

2020இல் நோய்த்தொற்றின் பொருட்டு ஊரடங்கு வந்து நீதிமன்றங்கள் சுருங்கியபோது, நம்மவரிற் பலர் வட்ஸ்அப் குழுக்களில் முழுமையாக இறங்கினார்கள். தவணை எப்பொழுது, எந்த வழக்கு எடுபடும், உயர் நீதிமன்றம் என்ன சொல்லிற்று என்பதெல்லாம் குழுவிலே வந்தன. உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தமது தீர்ப்புகளை இணையத்தில் வெளியிடுவதால், கொழும்புக்குப் போய் அறிக்கைப் புத்தகம் புரட்ட வேண்டிய தேவை குறைந்தது. இதனை நாம் குறைவாக மதிக்கவில்லை. கொழும்பிலே பெரிய நூலகம் வைத்திருப்பவருக்கும், வாழைச்சேனையில் ஒற்றை அறையில் இருக்கும் கனிட்டருக்கும் ஒரே தீர்ப்பு ஒரே நாளில் கிடைப்பது சிறிய காரியமன்று.

அதன் பெறுமதிக்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். பிறருடைய காணியைப் பத்து ஆண்டுகள் எதிர்ப்பின்றித் தனதாக ஆண்டவன் அதற்கு உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. போரினால் ஊரைவிட்டு ஓடியவன் எப்படி எதிர்ப்பான்? அதற்காகவே 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்தது. 1983 மே முதலாந் திகதி தொடங்கி 2009 மே 18 வரையில், ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் நீதிமன்றம் வர முடியாதிருந்தவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கலாகாது என்று அது கூறிற்று. ஆனால் சலுகையைக் கோருவதற்கும் ஒரு காலக்கெடு வைத்திருந்தது. கெடு கடந்தபின் ஒருவர் எம்மிடம் வந்தார். இப்படி ஒரு சட்டம் வந்ததென்று எவரும் தமக்குச் சொல்லவில்லை என்றார். அவருடைய மகனின் கையிலே விலையுயர்ந்த கைப்பேசி இருந்தது. அதிலே சினிமாப் பாட்டும் அரசியல் வசவும் நாள்தோறும் வந்துகொண்டிருந்தன. ஆறு வரியில் ஒரு சட்டக் குறிப்பு வரவில்லை. வர வைத்திருக்க வேண்டியவர்கள் எம்மைப் போன்றவர்கள். அந்தச் சட்டத்தை நாம் அறிந்திருந்தோம். எமது கோவையில் வைத்திருந்தோம்.

இனி மறுபக்கத்துக்கு வருவோம். அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு பாதிப் பேச்சு.

ஆள் காணாமற் போன குடும்பங்கள் நமது மாவட்டத்தில் எத்தனை என்பது இச்சபைக்குத் தெரியும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. இறந்தார் என்று எழுத மனம் ஒப்பாத தாய்மாரும் மனைவிமாரும் அதை மறுத்தார்கள். பிறகு, 2016இல் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்து, இறந்தார் என்று சொல்லாமல், ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சான்று கொடுக்கும் பத்திரத்துக்கு வழி விட்டது. அதைக் கொண்டு வங்கிக் கணக்கையும் காணியையும் கவனிக்கலாம். கணவன் இறந்துவிட்டான் என்று கையொப்பமிட வேண்டியதில்லை.

அத்தகைய ஒரு பத்திரத்துக்காக ஒரு பெண் ஒரு கந்தோருக்கு வந்தாள். அங்கே ஒரு வாலிபச் சட்டத்தரணி. சட்டம் புதிது, சத்தியக் கடதாசியை எப்படி எழுதுவதென்று ஐயம். நல்ல பிள்ளை, கேட்டுப் படிக்க வெட்கப்படாதவன். தான் எழுதிய முதற்பக்கத்தைப் படம் பிடித்துக் குழுவிலே போட்டு, இது சரியா அண்ணன்மாரே என்று கேட்டான். அரை மணி நேரத்தில் நல்ல விடையும் கிடைத்தது. மாலையாவதற்குள், யார் அனுப்பினாரோ, அந்தப் படம் அவளுடைய ஊருக்குப் போய்விட்டது. கணவனைக் கடைசியாக யாரோடு கண்டேன் என்று அவள் சத்தியம் பண்ணி எழுதிய பெயர் அந்தப் பக்கத்திலே இருந்தது. அந்தப் பெயருக்குரியவர் அதே ஊரில், நான்கு வளவு தள்ளி இருக்கிறார். அவள் மறுபடியும் கந்தோருக்கு வரவில்லை, விண்ணப்பமும் போகவில்லை.

இந்த வாலிபனை ஏசுவதற்கு எமக்கு வாய் வரவில்லை. அறிவைப் பகிர வேண்டும் என்று நாம் எல்லோரும் சொல்லுவதைத்தான் அவன் செய்தான். பிழை எங்கே என்றால், ஒரே பக்கத்திலே இரண்டு பொருள்கள் இருந்தன. அவன் அவற்றைப் பிரிக்கவில்லை. சத்தியக் கடதாசியை எழுதும் முறை முதுசம். முன்னோரிடமிருந்து வந்தது, பின்னோருக்குப் போக வேண்டியது. அவள் சொன்ன கதையோ அடைக்கலப் பொருள். அது அவனுடையதும் அன்று, கந்தோருடையதும் அன்று. அடைக்கலமாக வந்த நகையை அயல் வீட்டுக்காரிக்குப் போட்டுக் காட்டுவாரா யாரேனும்?

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு இதைத்தான் கூறுகிறது. கட்சிக்காரர் சொன்னதை அவருடைய சம்மதமின்றி வெளியிடலாகாது. வழக்கு முடிந்து அவர் போன பிறகும் அந்தக் கடமை முடியாது. 127ஆம் பிரிவு அதனைக் கிளாக்கர்மாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியதாக்குகிறது. கந்தோரில் வேலை பார்க்கும் வாலிபர்கள் இந்த இரண்டாவது பிரிவைக் கவனிக்க வேண்டும். சட்டத்தரணிக்குத்தானே கட்டுப்பாடு, நமக்கென்ன என்று அவர்கள் நினைப்பதுண்டு. 2022இல் இயற்றப்பட்ட 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்தத் திசையிலேயே போகிறது.

பெயரை அழித்துவிட்டுப் போட்டால் ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். இலண்டனில் ஆகலாம். வாவிக்கு அப்பால், மூன்று பிள்ளைகள், மூத்தவள் ஆசிரியை, கணவன் வயலுக்குப் போனவர் திரும்பவில்லை என்று எழுதினால், மட்டக்களப்பிலே பெயர் எதற்கு? சிறிய ஊரிலே விபரமே பெயர். ஆகவே, ஆளைப் பற்றிக் கேட்காமல் சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். கடைசியாகக் கண்டவரின் பெயரைச் சத்தியக் கடதாசியில் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டால், விடையும் அதே விடைதான்.

குழுவிலே வருவதெல்லாம் அறிவும் அன்று. 2023இல் நியூயோர்க்கிலே இரண்டு சட்டத்தரணிகள், செயற்கை நுண்ணறிவு இயந்திரம் கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டி நீதிமன்றத்துக்கு மனு எழுதினார்கள். அப்படித் தீர்ப்புகளே இல்லை. இயந்திரம் கற்பனை செய்து தந்தவை. நீதிபதி ஐயாயிரம் டொலர் அபராதம் விதித்தார். இயந்திரத்தை விடுங்கள், நமது குழுக்களிலே, இன்னின்னது சட்டமாகிவிட்டது என்று மூலம் இல்லாமல் வருகிற செய்திகளுக்குக் கணக்கு உண்டா? எமது கிளாக்கரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது ஒரு தீர்ப்பைச் சொன்னால், எத்தனையாம் தொகுதி, எத்தனையாம் பக்கம் என்று உடனே கேட்பார். சொல்ல முடியாதவர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போவார். வழக்கு வென்றேன் என்று முகநூலில் மாலையோடு படம் போடுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும்: 1988ஆம் ஆண்டின் சட்டத்தரணிகள் ஒழுக்க விதிகளை ஒரு முறை வாசித்துவிட்டுப் போடட்டும்.

இன்னொன்று. பிறனுடைய கிணற்றையே நம்பியிருக்கலாகாது. 2018 மார்ச்சிலே கண்டிக் கலவரத்தின்போது அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் தடுத்தது. 2019 ஏப்ரில் 21இல், நமது நகரிலும் தேவாலயத்தில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறன்று மறுபடியும் தடுத்தது. 2021 ஒக்டோபர் 4இல் உலகம் முழுவதிலும் பல மணி நேரம் அவை தாமாகவே நின்றன. கந்தோரின் குறிப்பெல்லாம் அங்கேயே இருந்தவர்களுக்கு அந்த நாட்கள் எப்படியிருந்திருக்கும்!

பின் என்னதான் செய்வது? நாம் பெரிய திட்டம் எதுவும் கொண்டுவரவில்லை. ஒவ்வொரு வழக்கு முடிந்ததும் ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன கேள்வி எழுந்தது, எந்தச் சட்டம், எந்தத் தீர்ப்பு, எதில் பிழை விட்டோம். ஆளின் கதை அதிலே வேண்டாம். அதைக் கந்தோரின் குறிப்பேட்டிலும், கணினியிலும், வீட்டில் ஒரு பிரதியாகவும் வையுங்கள். நொத்தாரிசின் மூன்று பிரதி போல. வழக்கிலக்கங்களுக்கும் அலுமாரிகளுக்கும் தனியாக ஓர் அட்டவணை. அது கந்தோரை விட்டு வெளியே போகலாகாது. குழுவுக்கு அனுப்புவதானால் முதற் குறிப்பேட்டிலிருந்து மட்டும், மூலம் இன்னதென்று எழுதி அனுப்புங்கள்.

சிரேட்டர்மார் சிலர் இதை விரும்பமாட்டார்கள் என்பதை நாம் அறிவோம். சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு எனக்கு எதிராகவே வந்து நிற்பான் என்று ஒருவர் எம்மிடமே சொன்னார். அவர் சொன்னது பொய்யன்று. சொல்லிக் கொடுத்த ஒருவன் எமக்கு எதிராக நின்று எம்மைத் தோற்கடித்ததும் உண்டு. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது கோபமாகத்தான் இருந்தது. ஆயினும் வேறொரு கனிட்டர், எதுவும் சொல்லிக் கொடுக்கப்படாதவர், எதிரே நின்று தடுமாறி, அவரை நம்பி வந்த ஏழையின் வழக்கு கெட்ட நாளையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்த வழக்கில் வென்றது நாம்தான். அன்றைய பயணத்தைக் காட்டிலும் கோபமாகப் போன பயணமே நன்றாயிருந்தது.

இந்த மண்டபத்திலே முன்வரிசையில் இருக்கும் ஒரு பெரியவர் நாற்பது ஆண்டுகள் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொன்னால் கோபிப்பார். 1978 சூறாவளிக்குப் பிறகு, நனைந்த கோவைகளைக் கொடியிலே காயப்போட்டு அடுக்கியவர்களில் அவரும் ஒருவர். அடுத்த மாதம் தொடக்கம் சனிக்கிழமை பின்னேரங்களில் நமது வாசிகசாலையில் வந்து உட்காரவும், உறுதி வாசிக்கும் முறையையும் பழைய காணி அளவுகளையும் சொல்லவும் சம்மதித்திருக்கிறார். எழுதிக்கொள்ள இரண்டு வாலிபர்கள் வேண்டும். கொப்பியை நாம் வாங்கித் தருகிறோம். கைப்பேசியை வாசலிலே வைத்துவிட்டு வர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. தேநீருக்குச் சீனி குறைவாகப் போட வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.